கேட்பவரின் மணி

அப்பாவை வண்டியிலிருந்து இறக்கி நிழலில் வைத்ததும் சித்தப்பா அவளிடம் வந்தார்.

"அண்ணன் எங்கம்மா? நாலு மணிக்கு உள்ள கூப்பிட்டுடுவாங்க."

அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"பாலத்துக்கிட்ட வந்துட்டேன். இன்னும் மூணு கூட ஆகல. நாலுக்கு முன்னாடியே அங்க இருப்பேன், பதறாதே," என்றான் அண்ணன்.

தகன மையத்துக் கடிகாரத்தில் நாலாகப் பத்து நிமிடம்.

அண்ணனுக்கு வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு மணி நேரம் பின்னால். இரு பக்கத்துக்கும் ஒரே வானொலி. அதில் இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்துச் சொன்னவர் அப்பா. வீட்டில் மட்டும் ஒன்றுதான், அதுவும் கேட்பவரின் மணி; கேட்பவர் எந்தக் கரையில் இருக்கிறாரோ அந்தக் கரை நேரம். அப்படித்தான் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். விடிய விடியத் தூங்காதவள், காலையில் அண்ணனிடம் மூணு என்பதற்குப் பதில் தன் மணியான நாலைச் சொல்லிவிட்டாள்.

நேரத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று மையத்து அலுவலரிடம் கேட்டாள். அவர் நிமிரவில்லை. "இப்ப விட்டா நாளைக்குத்தான். அஞ்சு மணி, அதோ மரத்தடில இருக்காங்களே, அவங்களுது. மாத்திக்கணும்னா அவங்களைக் கேளுங்க."

வேப்பமரத்தடியில் மனைவியின் உடலுக்குத் தலைமாட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் தயங்கித் தயங்கி அப்பா பேரையும் விஷயத்தையும் சொன்னாள்.

"யாரு, ரேடியோல மணி சொல்வாரே, அவரா?" பெரியவர் நிமிர்ந்தார். "அவரு மணி சொல்ற வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன். இவ உள்ள இன்னும் புடவை கட்டிட்டு இருப்பா. எந்தக் கல்யாணத்துலயும் தாலி கட்டறதைப் பாத்ததில்ல நாங்க."

"அம்மா ஒரு மணி நேரம் முன்னாடியே போகணுமேப்பா," என்றான் அவர் மகன் மெதுவாக.

பெரியவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையூன்றி எழுந்தார்.

"போகட்டும். ஒரு தடவையாவது சீக்கிரம் கிளம்பட்டும்."

அவள் கை கூப்பினாள். அவர்கள் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். "சொன்னேன்ல, நேரத்தோட வந்துட்டேன் பாரு," என்றவன், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். அவள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

மரத்தடியில் பெரியவர் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தார். மகன் வண்டியைக் கிளப்பி நிறுத்தியிருந்தான்.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. வாங்க, போலாம்."

"இரு," என்றார் அவர். "அஞ்சாகட்டும்."