கம்பத்தில் மோதிய பஸ்ஸும் இரண்டாவது கம்ப்யூட்டரும்

இருபத்திரண்டு வருடங்கள் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டிய மனிதர், ஒரு புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குத் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே விளக்குக் கம்பத்தில் மோதினார். நாற்பத்தோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோதியது விளையாட்டில்தான். விடியற்காலை ஷிப்டுக்குப் போய் மதியம் திரும்பி, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்ததும், அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மறுபடியும் பஸ் ஓட்டுவார். மேசை விளிம்பில் திருகி மாட்டிய ஒரு சின்ன ஸ்டியரிங், காலடியில் மூன்று பெடல், தலையில் மைக் வைத்த ஹெட்போன். அதை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பவும் செய்வார். "காலையிலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டு வர்றீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டபோது அவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். பதில் இல்லாமல் இல்லை. டிப்போ பஸ்ஸில் அவர் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஜனங்கள் அந்த ஒரு விதியை மட்டும் தவறாமல் கடைப்பிடித்து வந்தார்கள். இங்கே அப்படி இல்லை. வளைவில் ஏன் முன்கூட்டியே கியரைக் குறைக்கிறீர்கள், இடது கண்ணாடியை ஏன் முழுசாக நம்பக் கூடாது, எந்தப் பயணி கடைசி நொடியில் மணியடிப்பார் என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். அவரும் வஞ்சனையில்லாமல் சொன்னார். அண்ணே, அண்ணே என்று உருகினார்கள்.

விளையாட்டை ஓட்டுவதும் அந்தப் படத்தைச் சுருக்கி வெளியே அனுப்புவதும் ஒரே பழைய கம்ப்யூட்டர்தான். விளையாட்டில் மழை பெய்தால் அதற்கு மூச்சு வாங்கும். அந்தப் புதன்கிழமை, மழை, வளைவு, எதிரே ஒரு சைக்கிள். படம் ஒரு கணம் உறைந்தது. மறுபடி உயிர் வந்தபோது பஸ் நடைபாதையில் ஏறி ஒரு விளக்குக் கம்பத்தை அன்பாகக் கட்டிப்பிடித்து நின்றது. "பயணிகளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் அந்தப் பதினோரு விநாடியை மட்டும் வெட்டி உலகத்துக்கு வழங்கினார்.

மறுநாள் காலையில் அவருக்கு முன்னாலேயே அந்தத் துண்டு டிப்போவுக்கு வந்து சேர்ந்திருந்தது. டைம் கீப்பர் அன்றைய பயணத் தாளை நீட்டி, "பாத்துப் போங்க, வழியில கம்பம் இருக்கு" என்றார். மெக்கானிக் ஒருவர் அவருடைய பஸ்ஸின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டினார். சனிக்கிழமைக்குள் அவர் பெயரே 'கம்பம்' ஆகிவிட்டது. கம்பம் வந்தாச்சா, கம்பம் டீ குடிச்சாச்சா. "அது நான் இல்லப்பா, பிராசஸர்" என்று அவர் விளக்கினார். விளக்க விளக்கச் சிரிப்பு கூடியது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விபத்தில்லா ஓட்டுநர் என்று அவருக்குக் கொடுத்த சான்றிதழ் ஹாலில்தான் மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் மோதியிருந்தார்.

விஷயம் மச்சினனின் காதுக்கு எட்டியது. மனைவியின் தம்பி, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்துகிறவன். உலகத்தில் உள்ள எந்தச் சங்கதியும் அவனுக்குக் கடைசியில் தண்ணீரில்தான் வந்து முடியும்.

"மாமா, ஒரே மோட்டார்ல மாடிக்கும் ஏத்தி, தோட்டத்துக்கும் விட்டா என்ன ஆகும்? ரெண்டு பக்கமும் சொட்டுதான். விளையாட ஒரு மிஷின், அனுப்ப ஒரு மிஷின். தனித்தனியா போட்டுருங்க. லிஸ்ட் நான் தர்றேன்."

லிஸ்ட் மூன்று பக்கம் வந்தது. பதினாறு கோர் பிராசஸர். செங்கல் அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. சுற்றிலும் வண்ண வண்ணமாக எரியும் கண்ணாடிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, பிராசஸர் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் குழாய்கள். அந்த வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். மனைவி வருவதாக முதலில் பேச்சில்லை. அவள் ஆயத்த ஆடை கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகளைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்து, எந்தத் தையல் பிரியும் என்று சொல்லிவிடுவாள். "ரெண்டு ஆம்பளைங்களும் சேர்ந்து எதையாவது தலையில கட்டிட்டு வருவீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தது. பாட்டில் மூடியில் குட்டித் திருகாணிகளைப் பிரித்துப் போட்டபடியே மச்சினன் வாசித்த மூன்று பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன கேம் விளையாடுறீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "பஸ் ஓட்டுற கேம்."

"நல்லது. என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் டிரைவர்."

ஒரு திருகாணி மூடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அந்த அம்மா குனிந்து எடுத்தார். நிமிர வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. நிமிர்ந்தபோது முகம் சரியாகவே இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றாள் மனைவி. "இந்தப் புது மிஷின்ல இவரு விளையாடப் போறதே இல்லையே. அப்புறம் எதுக்கு அந்தச் செங்கல்?"

"இதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். விளையாட்டை உங்க வீட்டு கம்ப்யூட்டர் பாத்துக்கும். இதுக்கு ஒரே வேலைதான். வர்ற படத்தை வாங்கணும், சுருக்கணும், அனுப்பணும். அதுக்குப் பதினாறு கோர் எதுக்கு? எட்டே அதிகம். படத்தைச் சுருக்குறதுக்குன்னே உள்ளுக்குள்ள தனி வசதி வெச்ச பிராசஸர் இருக்கு, அதைத் தர்றேன். கிராபிக்ஸ் கார்டே வேணாம். அந்த மிஷின்லேர்ந்து படத்தைப் பிடிச்சு இதுக்குள்ள தர்ற கேப்சர் கார்டு, அதுல மட்டும் மட்டமானதை வாங்காதீங்க."

"தண்ணி?" என்றான் மச்சினன் கம்மிய குரலில்.

"இந்தச் சூட்டுக்கு ஒரு ஃபேன் போதும் சார்."

"ஒழுகினாலும் நான் இருக்கேன், நானே பாத்துக்குவேன்."

"ஒழுகும்னு நீங்களே சொல்றீங்க பாருங்க."

மச்சினன் லிஸ்டை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். மனைவி காலிப் பெட்டி ஒன்றின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, "இதுல ஓரம் சரியா மழுங்கல, கையைக் கிழிக்கும்" என்று தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தாள். கடைக்கார அம்மா அவளை மரியாதையாகப் பார்த்தார். அதன்பிறகு பேச்செல்லாம் அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே நடந்தது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது திணறாதுல்ல?"

"திணறாது."

"மழையில?"

"மழையிலயும் திணறாது."

"மழை, வளைவு, எதிர்ல சைக்கிள்?"

அந்த அம்மா மனைவியைப் பார்த்தார். "கம்பத்துல மோதிட்டாரு" என்றாள் மனைவி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில்.

அடுத்த ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு ஹாலில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் அவர். பக்கத்து மேசையில் புதியது. மங்கலான கறுப்புப் பெட்டி, ஒரு வண்ண விளக்குகூட இல்லை. அதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று மச்சினன் நாற்காலியை இழுத்தபோது அதில் ஏற்கெனவே அக்கா உட்கார்ந்திருந்தாள். படம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதும், வருகிற கேள்விகளை வாசித்துச் சொல்வதும் அவள் பொறுப்பு. "இனிமே நீங்க ரோட்டை மட்டும் பாருங்க" என்றாள்.

அவர் வேண்டுமென்றே மழையை வைத்தார். நெரிசலான நகரத்தைத் தேர்ந்தெடுத்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. முன்கண்ணாடித் துடைப்பான் வழித்துப்போட்ட தண்ணீர் ஓரமாக ஓடுவது வரைக்கும் தெரிந்தது. ஐம்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். டிப்போவிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர் அந்த வளைவுக்கே பஸ்ஸைக் கொண்டுபோனார், கியரைக் குறைத்தார், சைக்கிளுக்கு வழிவிட்டார், கம்பத்தைக் கடந்தார். "பாத்தீங்களா?" என்றார் மைக்கில். அந்த ஒரு வார்த்தையில் பதினொரு நாள் பசி இருந்தது.

"ஒருத்தர் கேக்குறாரு" என்று மனைவி வாசித்தாள். "'அண்ணே, நீங்க ஏன் டிரைவர் ஆனீங்க?'"

"அதுவா" என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். "சின்ன வயசுல எனக்கு..."

டமார் என்று ஒரு சத்தம். நிறுத்தி வைத்திருந்த பால் வண்டி ஒன்றின் பின்பக்கம் உள்ளே போயிருந்தது.

மச்சினன் பாய்ந்து வந்து புதுக் கம்ப்யூட்டரின் எண்களைப் பார்த்தான். "பிராசஸர் இருபத்திமூணு சதவீதம்தான் ஓடுது மாமா. திணறலே இல்ல" என்றவன், சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். நான்கு பக்கமும் எச்சரிக்கை விளக்கைப் போட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேலே வைத்துக்கொண்டு, இடிபட்ட பால் வண்டியைப் பார்த்தார். நிஜ பஸ்ஸாக இருந்தால் இறங்கிப் போய்ப் பார்த்திருப்பார். இங்கே இறங்க முடியாது.

"அன்னைக்கும் நான்தான்" என்றார்.

மனைவி ஒலிவாங்கியின் பொத்தானைத் தேடினாள், அணைத்துவிடலாமா என்று. அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"படம் நின்னது உண்மைதான். அரை செகண்டு நின்னிருக்கும். ஆனா அதுக்கு முன்னாடியே நான் ரோட்டைப் பாக்கல. இதே கேள்வியை அன்னைக்கும் ஒருத்தர் கேட்டிருந்தாரு. எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு யோசிச்சுட்டே படிச்சுட்டு இருந்தேன். மூணு செகண்டு இருக்கும். அதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியை என்கிட்ட யாருமே கேட்டதில்ல. அதான்."

 

"யாராவது எறங்கிட்டாங்களா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

அவள் திரையின் ஓரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் எண்ணைப் பார்த்தாள். "இல்லைங்க. நாலு பேர் ஏறியிருக்காங்க." பிறகு வாசித்தாள். "'பரவாயில்லண்ணே'ங்கிறாரு ஒருத்தர். 'பால்காரர் சமாதானமாயிட்டாரா'ன்னு ஒருத்தர். உங்க டைம் கீப்பர்னு நெனைக்கிறேன், 'நாளையிலேர்ந்து உங்க பேரு பால் வண்டி'ன்னு போட்டிருக்காரு."

அவர் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். தோள் முதலில் குலுங்கியது, அப்புறம் மேசை குலுங்கியது.

"அந்த ஆளு இன்னும் காத்துட்டு இருக்காரு" என்றாள் மனைவி. "ஏன் டிரைவர் ஆனீங்கன்னு கேட்டவரு."

"சொல்றேன். மொதல்ல இவங்களைக் கொண்டுபோய் விடுறேன்."

அவர் எச்சரிக்கை விளக்கை அணைத்தார். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, மறுபடி இடது என்று பார்த்து, பஸ்ஸைப் பின்னால் எடுத்து மெதுவாகச் சாலையில் சேர்த்தார். மனைவியின் திரையில் ஓடியது, இணையத்துக்குப் போய்ப் பார்வையாளர்களுக்கு வந்து சேருகிற அதே நேரலை; அது வர ஆறேழு விநாடி ஆகும். அவர் முதல் திருப்பத்தை நெருங்கியபோதும் அவளுடைய திரையில் பஸ் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, மழையில் நான்கு விளக்கும் விட்டுவிட்டு எரிய. அது கிளம்பப் போவது தெரிந்தும் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.