சிவப்புப் பசை

அந்தச் செய்தியைப் படித்து முடித்தபோது அய்சாவா ரிட்சுகோவின் கையிலிருந்த சோற்றுருண்டை பாதி நசுங்கிப் போயிருந்தது. நுமாதா வட்டாரத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் தலைவர் கனோ, நாற்பது உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருந்தார்.

"முகாய் சானின் வண்டியில் ஆயில் அழுத்தம் போய்விட்டது. இரண்டு மாதம் முன் பெல்ட் மாற்றிய இடத்தில் ஆயில் பம்பை இடித்திருக்கிறார்கள். வண்டியை யாரிடம் விடுகிறோம் என்பதில் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்."

பெயர் போடவில்லை. போடவும் வேண்டியதில்லை. முகாயின் வண்டிக்கு பெல்ட் மாற்றியது ரிட்சுகோதான் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரிலேயே பெண் நடத்தும் கார் பட்டறை அவளுடையது ஒன்றுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு முகாய்க்குப் போன் போட்டாள்.

"அய்சாவா சான், நான் ஒண்ணும் சொல்லல. கனோ சான்தான் பாத்துட்டு..." என்று எடுத்த எடுப்பிலேயே குழைந்தார் அவர்.

"அது கிடக்கட்டும். என்ன ஆச்சு? மொதல்லேந்து சொல்லுங்க."

"மலைப்பாதையில ஏறிட்டிருந்தேன். ஆயில் விளக்கு மினுக்குச்சு. ஒடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைச்சுட்டேன்."

ரிட்சுகோவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர் முகாய். வேறு யாராவது என்றால் வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்டி எஞ்சினைப் பொசுக்கியிருப்பார்கள்.

"சனிக்கிழமை காலைல வண்டியை இழுத்துட்டு வாங்க. கனோ சானையும் கூட்டிட்டு வாங்க. அவர் கண் முன்னாடிதான் பம்பைக் கழட்டுவேன்."

"அவர் வருவாரா..."

"வராம இருந்தா அதையும் நாற்பது பேருக்கும் நான் எழுதுவேன்னு சொல்லுங்க."

கனோ வந்தார். சங்கத்தின் சின்னம் தைத்த ஜாக்கெட், கையில் டப்பா காபி. உட்காரச் சொல்லாமலே பட்டறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"கோவப்படாதீங்க அய்சாவா சான். பெல்ட்டும் பம்பும் பக்கத்துப் பக்கத்துல. ஸ்பேனர் நழுவுறது சகஜம். கை சின்னதா இருந்தா பிடிமானம் இருக்காது, பாவம்."

அவள் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டினாள். முகாயின் வண்டி இருவர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. அவர் வாங்கி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. அதன் ஆயில் பம்ப் எஞ்சினின் முன்முகத்தில், கிராங்க் தண்டின் நுனியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதைத் தொடுவதற்குள் ரேடியேட்டரும் பெல்ட்டுகளும் கிராங்க் சக்கரமும் இறங்க வேண்டும், கீழே ஆயில் தொட்டியும் கழல வேண்டும். பதினொரு மணிக்குத்தான் பம்ப் முழுதாகக் கண்ணில் பட்டது.

"முகாய் சான், இந்த விளக்கைப் பிடிங்க. கனோ சான், எழுந்து வாங்க. பம்ப் மேல அடிபட்ட தடம் எங்க இருக்கு, காட்டுங்க."

கனோ குனிந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார்.

"மேலாப்புல தெரியாது."

"சரி, உள்ள பாப்போம்."

போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. பம்ப் மட்டும் அசையவில்லை. ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் ஒட்டுத்தாள் கிழிவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு பிரிந்தது. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நகத் தடிமனுக்கு ஒரு சிவப்புப் பசை. ரப்பர் வளையம் இருக்க வேண்டிய பள்ளத்தில் வளையமே இல்லை. அதிலும் பசைதான்.

அஞ்சு வருஷம் முன்னால் ஆயில் கசிந்தபோது இந்த பம்பைத் தானே கழற்றி சீல் மாற்றிக் கொடுத்ததாக ஒவ்வொரு விருந்திலும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர் கனோ. அந்தச் சிவப்புப் பசை அவருடைய அடையாளம். கதவு ஒழுகினாலும் அதுதான், குளியல் தொட்டி ஒழுகினாலும் அதுதான்.

"அஞ்சு வருஷம் ஒரு சொட்டு ஒழுகலையே!" என்றார் கனோ. "அப்ப அந்த வளையம் கிடைக்கல. பசை போட்டா என்ன குத்தம்? எல்லாரும் போடுறதுதானே?"

"வெளிய ஒழுகல." ரிட்சுகோ ஆயில் தொட்டிக்குள் இருந்த உறிஞ்சுகுழாயின் சல்லடையை எடுத்து வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துத் தட்டினாள். சிவப்புப் புழுக்கள் பொலபொலவென்று விழுந்தன. "நீங்க அப்பின பசை உள்பக்கமும் பிதுங்கியிருக்கு. சூட்டுல பிஞ்சு பிஞ்சு இங்க வந்து அடைச்சிருக்கு. முக்கால் சல்லடை அடைப்பு. ஆயில் எங்கேந்து ஏறும்? நான் பம்பைத் தொடவே இல்ல கனோ சான். தொட்டது நீங்க. பழி என் மேல!"

"இவ்ளோ சத்தம் போட வேண்டியதில்ல..."

"நாற்பது பேருக்கு முன்னாடி நீங்க போட்ட சத்தம் இதைவிடப் பெருசு!"

கனோ காபி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஏதோ வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். அங்கே முகாய் நின்றிருந்தார். எல்லோருக்கும் தலை குனிந்தே பழகிய அந்த மனிதர், விளக்கை அணைக்காமல் கையில் பிடித்தபடி வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க கனோ சான்."

"முகாய் சான், நீங்களுமா..."

"அன்னிக்கு மலையில பக்கத்து சீட்டுல என் பெண்டாட்டி இருந்தா. வளைவுல எஞ்சின் இறுகியிருந்தா பின்சக்கரம் பூட்டிக்கும். அப்புறம் பள்ளத்தாக்குதான். பஸ்ஸுல அத்தனை வருஷம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழ விட்டதில்ல நான். உட்காருங்கன்னா உட்காருங்க!"

கனோ உட்கார்ந்தார். இந்த முறை கால்மேல் கால் போடவில்லை.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டிக்குப் பண்ணீங்க?" என்று கேட்டாள் ரிட்சுகோ.

கனோ விரல்களை மடக்கி எண்ணினார். "நாலு. என்னோடதையும் சேத்தா அஞ்சு."

"நாளைக்குத்தானே மலையில சிவந்த இலை பாக்கப் போற சங்கப் பயணம்? எல்லா வண்டியும் அதே மலைப்பாதை வழியாத்தானே ஏறுது?"

அவர் முகம் வெளுத்தது. செல்போனை எடுத்து வேகவேகமாக எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தார்.

"எழுத வேண்டாம். கூப்பிடுங்க. ஒவ்வொருத்தரையும் வாய் தொறந்து கூப்பிடுங்க. என்ன பண்ணினீங்கன்னு சொல்லுங்க" என்றாள் ரிட்சுகோ.

மூன்று பேர் போனில் கிடைத்தார்கள். அதில் ஒருவர் திட்டியது பட்டறை முழுக்கக் கேட்டது. நான்காமவர் வீட்டுக்குக் கனோவே நேரில் போனார்.

வண்டிகள் கிளம்பாமல் நின்றன. ஆனால் அன்று சாயங்காலம் சங்கத்துக்குக் கனோ எழுதிய செய்தியைப் பார்த்ததும் ரிட்சுகோவுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. "முகாய் சானின் வண்டியில் பிரச்சினைக்கான காரணம் தெரியவந்துள்ளது. பாதுகாப்பு கருதி நாளைய பயணம் ரத்து."

"காரணம் தெரியவந்துருக்காம்! தானா நடந்து வந்துச்சா அது? அதுக்குக் கை இல்லையா, பேர் இல்லையா?" என்று போனில் முகாயிடம் கத்தினாள்.

முகாய் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து சங்கத்துக்கு ஒரு படம் போயிற்று: வெள்ளைத் துணி, சிவப்புப் புழுக்கள். கீழே இரண்டே வரி. "பசை போட்டது கனோ சான். கண்டுபிடித்தது அய்சாவா சான்."

புது வளையமும் சீலும் வர நான்கு நாளாயிற்று. அதற்குள் அவள் பம்பைப் பிரித்துக் கழுவினாள். அழுத்தத்தைச் சீராக்கும் வால்விலும் ஒரு சிவப்புத் துணுக்கு சிக்கியிருந்தது. கிராங்க் தண்டின் பேரிங்குகளைத் திறந்து பார்த்தாள், தப்பித்திருந்தன. பம்புக்குள் ஆயில் நிரப்பி, வளையத்தைப் பள்ளத்தில் அமர்த்தி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அளவு பார்த்து முறுக்கினாள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டபோது, அழுத்தமானியின் முள் இரண்டு முறை தயங்கி ஏறியது. முகாய் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்குக்குத் தலை வணங்கினார்.

அடுத்த வாரம் அந்தப் பசை வண்டிகள் ஒவ்வொன்றாக இழுவை லாரியில் வந்தன. கடைசியாகக் கனோவுடையது. கூட வந்தது அவர் மனைவி.

"அவர் எங்கே?"

"தெருமுனையில நிக்கிறார். உள்ள வர வெக்கமாம்."

"வெக்கத்தையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவர் வராம நான் வண்டியைத் தொட மாட்டேன்."

கனோ வந்தார். சங்க ஜாக்கெட் இல்லை. எதிரில் நின்று இடுப்பு வரை குனிந்தார். "நான் பேசினது தப்பு" என்றார். ரிட்சுகோ பரவாயில்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கு அது பரவாயில்லை என்று படவில்லை. பம்ப் இறங்கியதும் ஒரு பிளாஸ்டிக் சுரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"எஞ்சின் முகத்துல ஒட்டியிருக்கற பசை முழுக்க வரணும். உலோகத்துல கீறல் விழக்கூடாது. ஒரு துணுக்குகூட உள்ள விழக்கூடாது."

மூன்று மணி நேரம் சுரண்டினார் கனோ. முட்டி வலிக்கிறது என்றார். முடிந்தது என்றார். அவள் வந்து விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு," என்றாள்.