புரட்டுற வேலை

"ஆண்டவா, இன்னைக்கு ஒரு நாள் என் இடுப்பைப் பாத்துக்கோ" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் புரட்டக்கா முதல் கட்டிலைத் தொடுவாள். முதியோர் இல்லத்தின் கடைசிக் கூடத்தில், எழுந்திருக்க முடியாதவர்கள் பதினான்கு பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவர்களைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை. அதனால் புரட்டக்கா என்று பெயர் வைத்தது அந்தக் கூடத்து நர்ஸ்.

அன்று சம்பளத்துக்குத் தரம் பிரிக்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். இரண்டாம் தரம் கிடைத்தால் இங்கேயே காலத்தை ஓட்டிவிடலாம். மூன்றாம் தரம்தான் என்றால், கொழுந்தன் சொல்லி வைத்திருக்கும் துணிக்கடைக்குப் போய்விட வேண்டியதுதான். உட்கார்ந்து பில் போடும் வேலை, இங்கே வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. "நாலு மணிக்குப் போன் பண்றேன் அண்ணி, முடிவாச் சொல்லிடுங்க" என்றிருந்தான்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"புரட்டுறேன் சார்."

பேனா நின்றது. "என்னது?"

"தினம் பதினாலு பேரைப் புரட்டுறேன். ஆளுக்கு நாலஞ்சு தடவை."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், அக்கா காசு புரட்டல, ஆளைப் புரட்டறாங்க. காசு புரட்டத் தெரிஞ்சா இங்க ஏன் கிடக்கப் போறாங்க?"

அதிகாரி சிரித்தார். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. "எங்கப்பாவும் வீட்ல படுத்த படுக்கைதான். முதுகெல்லாம் புண்ணு. இங்க எத்தனை பேருக்கு இருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல சார்."

ஏழாம் கட்டில் தாத்தாவின் சட்டையை விலக்கி முதுகைக் காட்டினாள். தோல் சுருங்கியிருந்தது, சின்னக் கீறல்கூட இல்லை.

"ஆளைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. விரிப்போட சேத்துத் திருப்பணும். அதுக்கு முன்னாடி காதுல சொல்லிடணும். சொல்லாமத் தொட்டா உடம்பு விறைச்சுக்கும்."

"காது கேக்காதவங்களுக்கு?"

"அவங்களுக்கும்தான். கேக்கலைன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் படிவத்தை முன்னும் பின்னுமாகப் பார்த்தார். சான்றிதழ் ஏதாவது உண்டா என்று கேட்டார். எட்டாவது வரை படித்ததாக அவள் சொன்னாள்.

"மூணாம் தரம்தாம்மா வருது. சான்றிதழ் இல்லாட்டி உதவியாள்னுதான் போட முடியும்." எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பேப்பரை நிரப்பற எனக்கு உங்களை மாதிரி ஏழு மடங்கு சம்பளம். போன வருஷம் ஒரு மாசம் லீவு போட்டேன். நான் இல்லைன்னே யாருக்கும் தெரியல."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மணி நான்கு. கைபேசி அடித்து ஓய்ந்தது. அவள் ஏழாம் கட்டிலுக்குப் போனாள். எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டிய நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தாள். அதிகாரி படிவத்தை ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"அந்தப் பக்கம் நான் பிடிக்கட்டுமா? அப்பாவுக்காகக் கத்துக்கறேன்."

"மொதல்ல காதுல."

அவர் கூச்சத்தோடு குனிந்தார். "ஐயா, திருப்பப் போறோம்." விரிப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்தது. இத்தனை வருடத்தில் அலுவலகத்துக் கை ஒன்று அந்த விரிப்பைப் பிடித்தது அன்றுதான். பதினான்கு கட்டிலும் முடிந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இதுக்குப் போய் உதவியாள்னு எழுதிட்டேனே" என்று சொல்லி, அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் கொழுந்தனைக் கூப்பிட்டாள். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரேன் தம்பி."

பிறகு ஏழாம் கட்டிலுக்குத் திரும்பி வந்து, தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

"தாத்தா, சொல்லாம நான் எதையும் செய்யறதில்ல, இல்லையா? ஒண்ணாம் தேதியிலேர்ந்து நான் வரமாட்டேன்."

கைக்கடியில் அந்தத் தோள் விறைக்கவில்லை. கையை எடுக்க அவளுக்குத்தான் நேரமாயிற்று. ஆறு மணிக்கு மறுபடியும் எல்லோரையும் திருப்ப வேண்டும்.