தண்ணீர் படாத குழந்தை

ஏர்சாந்தின் குழந்தை ஞானஸ்நானம் பெறுமுன்பே இறந்துபோயிற்று. அப்படிப்பட்ட குழந்தைக்குக் கோயில் கல்லறையில் இடமில்லை என்று பாதிரியார் கையை விரித்துவிட்டார். ஊர் மதிலுக்கு வெளியே புதைத்துவிட்டு, மழையில் நனைந்த துணியோடு அண்ணன் திபேரிடம் வந்தாள். அவர் பாரிஸில் இறையியல் கற்பிக்கும் ஆசான்.

"அண்ணே, இத்தனை படிச்சிருக்கியே. எம்புள்ள நரக நெருப்புல கெடக்குதா? அத மட்டும் சொல்லு."

பழைய இறையியலாளர் பலர் ஆமாம் என்றே எழுதியிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அவர்களுடைய நூல்களோடு மல்லுக்கட்டிய திபேர், பனி உருகியதும் வகுப்பில் போட்டு உடைத்தார்: ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு வலியும் இல்லை, துக்கமும் இல்லை.

கற்பிக்கும் உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் பேராலய அதிகாரி கோத்தியேயின் கையில் இருந்தது. திபேரோடு ஒன்றாகப் படித்தவர். ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"ஆசான்மாரு சபையில எழுந்து, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கென்ன கொறஞ்சுடப் போவுது?"

"எழுந்து பேசறேன். ஆனா வாத முறைப்படிதான்."

சபையில் நிற்க இடமில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் சொல்வதுதான் முறை. திபேர் அதை எதிரிகளைவிட அழகாகச் சொன்னார். பணிந்துவிட்டான் என்று நினைத்துக் கோத்தியேயின் முகம் மலர்ந்தது.

"இனி என் பதில்," என்றார் திபேர். "மனசு விழிக்கும் முன்னாடியே போன உசுரு என்ன தப்பு செஞ்சுது? விருந்து நடக்கறதே தெரியாதவன், போக முடியலையேன்னு அழுவானா? கடவுளை நம்ம வரி வசூல்காரனைவிடக் கொடியவனா ஆக்காதீங்கய்யா!"

மாணவர்கள் பெஞ்சுகளைத் தட்டினார்கள்.

"நிறுத்துய்யா! உரிமம் போயிடும்!" என்று கத்தினார் கோத்தியே.

"எடுத்துக்கோ. பதில் வாதம் இருந்தா அதையும் கொண்டா."

கோத்தியே உரிமத்தைப் பறித்துக்கொண்டார். வீடும் போயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குதிரை லாயத்தில் திபேர் வைக்கோல் பரப்பிப் பாடம் தொடங்கினார். அங்கும் சிலர் வந்தார்கள்.

ஏர்சாந்து அங்கேயே வந்து கேட்டாள்: "நெசமாவா அண்ணே? என்னைத் தேத்தறதுக்காகச் சொன்னியா?"

"கேள்வி உனக்காகத்தான் எடுத்தேன். பதில் உனக்காக இல்ல. பொய்யா இருந்தா உங்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவனுக்கு ஒரு பேரு வெக்கறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

ஞானஸ்நானம் இல்லாமல் பெயர் வைப்பது வழக்கமே இல்லை. 'ரெனியே' என்று தெருவரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.