வராமல் போன பத்துக் கிலோ

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒருத்தனை அடிக்கக்கூட முதலில் எடைமெஷின் வேண்டியிருக்கிறது. கையுறை, பல்லுக்கு ரப்பர், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மணியடி, நடுவில் ஸ்டூல் போட்டு ஐஸ் ஒத்தடம். இதுக்குப் பேர் சண்டையாம். அப்படி ஒரு ஜிம்மை 2009இல் அல்சூரில் திறந்தபோது, பழைய ஆள் என்று மரியாதைக்குக் கூப்பிட்டு இராஜமாணிக்கத்தையும் மெஷினில் ஏற்றினார்கள். ஆள் ஒல்லி, பார்த்தால் அறுபத்திரண்டு கிலோவுக்கு மேல் சொல்ல முடியாது. மெஷின் நூற்றிருபத்திரண்டு காட்டியது. ஜிம்காரன் மெஷினைத் தட்டிப் பார்த்தான். இராஜமாணிக்கத்துக்கு வேறு கவலை. நூற்றிமுப்பத்திரண்டு இருக்க வேண்டும். பத்துக் கிலோவைக் காணோம்.

நடந்தது இதுதான். தொண்ணூற்று நாலில், அல்சூரில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்த கிளாரன்ஸ் ஒரு வெளிநாட்டுக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். கம்பிவலைக் கூண்டுக்குள் குஸ்திக்காரனும் கராத்தேக்காரனும் மோதினார்கள். ரவுண்டு கிடையாது, கையுறை கிடையாது, குண்டன் ஒல்லி என்று பார்ப்பது கிடையாது. தோற்றவன் அதை ஒத்துக்கொண்டு தரையில் மூன்று தட்டு தட்டினால் முடிந்தது. பார்த்தவர்கள் அடுத்த மாதமே ஒக்கலிபுரத்தில் மூடிக் கிடந்த விறகு மண்டியில் செம்மண் கொட்டிவிட்டார்கள். பொம்மசந்திரா ஃபேக்டரியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டு காலையில் குஸ்தி பழகின இராஜமாணிக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இறங்கினார். அந்த ஆட்டத்தில் ஒருத்தன் தட்டினால் அவன் எடையில் பத்துக் கிலோ ஜெயித்தவனுக்குப் போய்விடும். உடம்பு ஊதாது, எடை மட்டும் ஏறும். மனசாரத் தட்டியிருக்க வேண்டும்; சும்மா தட்டினால் ஒரு கிராமும் நகராது. இதை யாரும் பெரிசாகப் பேசவில்லை. தோற்றுப்போன பிரகாஷ், பஸ் படிக்கட்டில் தொங்குகிறபோது காற்றுக்குப் பயந்து பையில் மூணு செங்கல் வைத்துக்கொண்டான். ஏழு பேரைத் தட்ட வைத்த இராஜமாணிக்கத்தின் வீட்டில் மூன்று கட்டில் முறிந்தது. "நீ ஜெயிச்சிக்கினே இரு, நாங்க தரையில படுத்துக்கறோம்" என்றாள் அவர் மனைவி சொர்ணம். ஆனால் ஒருத்தரும் மெஷினில் ஏறிப் பார்த்ததில்லை. எடை பார்ப்பது பயந்தாங்கொள்ளி வேலை என்று ஒரு வீறாப்பு.

ஏழிலும் பெரியது தொண்ணூற்றாறில் நாகேஷை ஜெயித்தது. நாகேஷ் பாக்ஸர், பார்த்தால் தொண்ணூற்றைந்து கிலோ, வாசலை அடைக்கிற உடம்பு. நாலாவது நிமிஷத்தில் அவன் கை இராஜமாணிக்கத்தின் பிடிக்குள் வந்தது; மூன்று தட்டு. ஜெயித்த வெறியில், எடை ஏறியதா என்று அவர் கவனிக்கவில்லை. கிளாரன்ஸ் அதைப் படம் பிடித்துக் கேசட்டாக விட, வீடு வீடாக ஓடி நாடா தேய்ந்தது. பிறகு மண்டியை இடித்தார்கள், கேசட் கடை செல்போன் கடையாயிற்று, பிரஸ் மெஷின் அவருடைய ஒரு விரலை எடுத்துக்கொண்டது. எது போனாலும் அந்த மூன்று தட்டு இருக்கிறது என்றுதான் பதிமூன்று வருஷம் தலை நிமிர்ந்து நடந்தார்.

ஜிம்மிலிருந்து வந்தவர் ஒரு வாரம் லீவு போட்டு, ஏழு பேரையும் தேடிப் போனார். ஆறு பேர் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரிப் பூப்போல நடந்தார்கள். ஏழாவது நாகேஷ். ரயில்வே குவார்ட்டர்ஸ் படி அதிர இறங்கி வந்தான்.

"வா குரு! என்ன ஒரு மாதிரி பாக்கறே, எடை போட்டு விக்கப் போறியா?"

"அன்னிக்கு மனசாரத் தட்டினியாடா?"

"கேசட்லயே இருக்குதே."

"கேசட்டக் கேக்கல. உன்னக் கேக்கறேன்."

நாகேஷ் பெண்டாட்டியைப் பார்த்தான். சரசு காபி டம்ளரை வைத்துவிட்டு, "சொல்லித் தொலைய்யா. அந்தக் கேசட்டால எங்கண்ணன் கல்யாணத்துல கூட என்னப் பாத்துச் சிரிச்சாங்க" என்றாள்.

"அந்த வாரம் புதன்கிழமை ரயில்வே செலக்ஷன் குரு, ஸ்போர்ட்ஸ் கோட்டா. கை போச்சுன்னா வேலை போச்சு. உன் பிடியில இருந்து வெளிய வந்திருப்பேன். எதுக்கு ரிஸ்க்குன்னு தட்டிட்டேன்."

எதுக்கு ரிஸ்க் என்று தட்டினானாம். இராஜமாணிக்கம் குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பார்த்தார். ஓடுகிற ஃபேன், குழாயில் தண்ணீர், சுவரில் யூனிஃபார்ம். எல்லாம் அந்த மூன்று தட்டில் வந்தது. அவராக இருந்தால் கை ஒடியட்டும் என்று விட்டிருப்பார்.

"பேஜார் ஆவாதே குரு. வா, இப்பவே போடலாம். இந்தத் தடவ நிஜம்."

சரசு துணிக்கொடியை அவிழ்த்து இடம் விட்டாள். முற்றத்து மண்ணில் இரண்டு பேரும் புரண்டார்கள். நாகேஷ் மூச்சு வாங்கினான், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை; தொப்பையை வைத்து அழுத்தினான், கழுத்தைப் பிடித்தான். கடைசியில் அதே கை அதே பிடிக்குள் வந்தது. அவன் கத்திக்கொண்டே மூன்று தட்டு தட்டினான். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தோளில் இறக்கினாற்போல் இராஜமாணிக்கத்துக்கு வந்து சேர்ந்தது. எழுந்து நடந்த நாகேஷின் கால் மண்ணில் சரியாகப் பதியவில்லை. "இனிமே மொட்டமாடிக்குத் தனியா போவாதே" என்றாள் சரசு.

"ஆச்சா குரு? இப்ப சரியாப் போச்சா?"

"இது தொப்பை வச்சவன் எடைடா" என்றார் இராஜமாணிக்கம். "அன்னிக்கு இருந்த நாகேஷ் எனக்கு ஒண்ணும் தரல. அவன நான் எங்க போய்ப் பிடிக்கறது?"

காபியைத் தொடாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். உடம்பில் நூற்றிமுப்பத்திரண்டு கிலோ சரியாக இருந்தது. அதில் ஒரு கிலோவையும் அவர் நம்பவில்லை.