அமுக்கினால் நின்றுவிடும்

அவள் கதவைத் திறந்தபோது கணவரும் மகளும் மழையில் தொப்பலாக நனைந்து நின்றார்கள். மகளின் பள்ளிப் பையிலிருந்து சொட்டிய தண்ணீர் மிதியடியில் குளம் கட்டியிருந்தது.

"சாவியை வீட்டுல வச்சுட்டுப் போனது என் தப்புதான். அதுக்காக இப்படியா? பெல்லை அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சு போச்சு" என்றார் கணவர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

"கண்ணசந்துட்டேன் போலங்க."

"அம்மா ஒண்ணும் தூங்கல" என்றாள் மகள், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "நான் ஜன்னல் வழியா பாத்தேன். அம்மா இங்கதான் நின்னுட்டிருந்துச்சு. நீங்க பெல் அடிச்சீங்க. அம்மா சுவத்துல அமுக்கிச்சு. மறுபடி அடிச்சீங்க. மறுபடி அமுக்கிச்சு." ஈரக்கையின் சுட்டுவிரலைச் சுவரில் வைத்துக் காட்டினாள். "இப்படி."

அந்த இடத்தில் சுவிட்ச் கிடையாது, ஆணிகூடக் கிடையாது. வெறும் வெள்ளைச் சுவர். ஆனால் நெஞ்சு உயரத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு அழுக்கு வட்டம் பதிந்திருந்தது. ஒரு நாளில் படிந்த அழுக்கு இல்லை அது.

அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் இவ்வளவுதான். பெல் ஒரு தடவை அடித்தது. உடனே நின்றது. வந்தவர் யாரோ வேறு வீட்டுக்காரர், போய்விட்டார் என்று நினைத்தாள். அதன்பிறகு காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு நிம்மதி.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார் கணவர், மகளின் தலையைத் துவட்டியபடி.

"பொழுதன்னிக்கும் ஆஸ்பத்திரியிலதானே கிடக்கேன். இதுக்குத் தனியா வேற போகணுமா?"

சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு மானிட்டர். நோயாளி புரண்டு படுத்தால் அது கத்தும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் கத்தும். இருமினால் கத்தும். நிஜமாகவே உயிர் போகிறபோதும் அதே குரலில்தான் கத்தும். திரையின் ஓரத்தில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும். அதற்குள் என்ன ஏது என்று பார்த்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் ஓடினாள். பிறகு நடந்தாள். வேலையை விட்டுப் போனவர்களின் இடத்துக்கு ஆள் வராமல், ஒரு ஷிஃப்ட் முடிந்த கையோடு அடுத்த ஷிஃப்டிலும் நிற்க ஆரம்பித்த பிறகு, கால் நடந்ததா என்பதே தெரியாமல் விரல் மட்டும் போய்வந்தது.

மறுநாள் மத்தியானம் அது நடந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வயதான லாரி டிரைவர். தொண்டையில் துளைபோட்டுச் சுவாசக் கருவியின் குழாயை மாட்டியிருந்ததால் அவரால் பேச முடியாது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலின் கம்பியை மோதிரத்தால் தட்டுவார். ஹாரன் அடிக்கிறார் மாமா என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். அவரும் கண்ணால் சிரிப்பார். அன்றைக்கு அவர் கட்டிலில் அலாரம் அடித்தது. அவள் அமுக்கினாள். மறுபடி அடித்தது. அமுக்கினாள். எங்கேயோ டொக் டொக் என்று கேட்டது. அதையும் அமுக்கினாள். நின்றது. எல்லாமே நின்று, வார்டு முழுக்க அந்தப் பஞ்சு அமைதி வந்து படுத்துக்கொண்டது. இப்படியே நின்றுகொண்டிருக்கலாம் போல இருந்தது.

"கையை எடுடி."

சொன்னது ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் கூட வேலை செய்கிற நர்ஸுக்கு அப்படிப் பெயர். ரேடியோ குறுக்கே பாய்ந்து, கழன்று கிடந்த குழாயை எடுத்து மாட்டினாள். நீலம் பாரித்திருந்த உதடுகள் மெல்ல நிறம் மாறின. டிரைவரின் மோதிரக்கை இன்னும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

"கையை எடுன்னு சொல்றேன்ல."

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். சுட்டுவிரல் மானிட்டரில் இல்லை. டிரைவரின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், அழுத்தமாக ஊன்றியிருந்தது. விரலுக்குக் கீழிருந்து அவருடைய கண்கள் அவளையே பார்த்தன.

எடுத்த பிறகும் நெற்றியில் பள்ளம் இருந்தது. ரேடியோ அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே யாரிடமும் சொல்லவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மனுஷன் பிழைத்துக்கொண்டார், நாளைக்கும் அவள் இங்கேதான் நிற்பாள், நாளைக்கு ரேடியோ பக்கத்தில் இருக்கவேண்டுமே.

சாயங்காலம் அடுத்த ஷிஃப்டிலும் அவளையே நிற்கச் சொல்லித் தகவல் வந்ததும், தலைமை நர்ஸின் அறைக்குப் போனாள். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. பிரசவ வலியில் இருந்த நர்ஸுக்குக்கூட மறுநாள் டியூட்டி போட்டவர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஆனாலும் யாரும் அவரை வெறுத்ததில்லை. அவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போய் யாரும் பார்த்ததில்லை.

அறை அமைதியாக இருந்தது.

"உக்காரு. என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பெரியக்கா, என்னைக் கொஞ்ச நாளைக்கு வார்டிலிருந்து எடுத்துடுங்க."

"எடுத்துட்டு? உன் இடத்துல என் மாமியாரையா நிறுத்துறது?"

"விளையாடலை. எனக்கு சத்தம் கேக்க மாட்டேங்குது. காது நல்லாத்தான் இருக்கு. அடிக்கிறது தெரியுது, ஆனா கை போய் அமுக்கிடுது. அப்புறம் ஒண்ணுமே கேக்கறதில்லை. இன்னிக்கு அந்த டிரைவர் போயிருப்பாரு. என்னாலதான்."

சொல்லி முடித்து நிமிர்ந்தாள். பெரியக்கா புன்னகையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. அப்ப போய் முகத்தைக் கழுவிட்டு ஷிஃப்ட்டைப் பாரு."

"நான் சொன்னது…"

"என்ன சொன்ன?"

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை சொல்லும்போது பெரியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மேஜையின் விளிம்பில் இருந்தது வலது கை. "போயிருப்பாரு" என்று அவள் சொன்ன இடத்தில் சுட்டுவிரல் மெதுவாக நகர்ந்து வந்து மரத்தில் அழுந்தியது. அதே நொடியில் பெரியக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். மேஜை விளிம்பில் அந்த இடத்தில் வார்னிஷ் போய், மரம் லேசாகக் குழிந்திருந்தது. எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எதையெதையோ சொல்லியிருப்பார்கள்.

"சரிம்மா. அப்ப போய் முகத்தைக் கழுவிட்டு" என்று ஆரம்பித்தார் பெரியக்கா.

அவள் எழுந்து போயிருக்கலாம். எழுந்தால் கால் தானாக வார்டுக்குத்தான் போகும், கை தானாக மேலே எழும்பும். எட்டி, பெரியக்காவின் விரலை மேஜையிலிருந்து பிடுங்கித் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே? வலிக்குது, விடு."

"விடமாட்டேன். இப்ப கேளுங்க. நான் இன்னிக்கு ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன். நாளைக்கும் நின்னா கொன்னுடுவேன்."

பெரியக்காவின் புன்னகை முதலில் உதட்டில் கலைந்தது, அப்புறம் கன்னத்தில். கண்கள் பெரிதாயின. விரல் கைக்குள் திமிறியது. அவள் மற்றொரு கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"யாரை? அந்த ஹாரன் மாமாவையா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் முன்னாடியே…" பெரியக்கா முடிக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு மெதுவாக மேஜையின் ஓரத்துக்குத் திரும்பினார். அங்கிருந்த டெலிபோனில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பலேருந்து அடிச்சுட்டிருக்கு?"

அவளுக்கும் தெரியவில்லை. இப்போதுதான் கேட்டது, அறையே அதிர்கிற மாதிரி. கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால், வார்டின் நடுவில், ரேடியோ ரிசீவரைக் காதில் வைத்தபடி இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய பிடிக்குள் பெரியக்காவின் விரல் ஒரு தடவை அமுக்கியது. மணி நிற்கவில்லை.