கடைசிக்கு முந்தின வண்டி

நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். நாள் முழுக்க என் வாயிலிருந்து வருவது நாலைந்து வார்த்தைகள்தான். "இங்க வந்து நில்லுங்க. மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." மூச்சை விட்ட கையோடு ஆளும் போய்விடுவார். வருகிறவர்களுடைய விலா எலும்புகளைப் பார்த்த எனக்கு முகங்கள் நினைவில் நிற்காது. என் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் யாரென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் அந்த நாலு வார்த்தைகளும் கிடையாது. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஏன் பண்ணிக்கவில்லை என்று கேட்பவர்களும் ஓய்ந்துபோனார்கள். அக்கா மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் வைத்துவிடுவாள். ஒருமுறை மாத்திரை போடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அரைமணி நேரம் பேசினாள். திட்டினாள் என்பது வேறு விஷயம்.

இப்படி இருந்தவனைப் பைக் குழுவில் சேர்த்துவிட்டவர் எங்கள் ஆஸ்பத்திரியின் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நெடுஞ்சாலையில் போய், எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். "உங்ககிட்ட பைக் இருக்கா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டேன். இருந்தது நூறு சி.சி. வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர வேறு வழி தெரியாதது. முதல் ஞாயிறு அதை மற்றவர்களுடைய வண்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினபோது, எருமை மந்தைக்குள் ஆட்டுக்குட்டி புகுந்த மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லோரும் அவ்வளவு அன்பாக என் வண்டியைப் பார்த்தார்கள்.

குழுவுக்குச் சில சட்டங்கள் உண்டு. டாக்டர்தான் முன்னால் போவார், அவரை யாரும் முந்தக் கூடாது. ஓடும்போது பேச்சு கிடையாது, ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி விட வேண்டும். வரிசையின் கடைசியில் வருபவருக்கு 'வால்' என்று பெயர். வால் யாரையும் முந்த மாட்டார், யாரையும் தனக்குப் பின்னால் விட்டுவிட்டும் போக மாட்டார். வழியில் ஒரு வண்டி நின்றால் அவர் மட்டும் கூட நிற்பார், மற்றவர்கள் சாப்பாட்டுக் கடையில் போய்க் காத்திருப்பார்கள். இருப்பதிலேயே மெதுவான வண்டி எதுவோ, அது வாலுக்கு நேர் முன்னால் போக வேண்டும். அதாவது, என் வண்டி.

எங்கள் வால் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மனைவி, மகளுடைய பிரசவத்துக்கு உதவப் போனவர் பேரனை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். "ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனா. பையன் இப்ப ஸ்கூலுக்கே போறான்," என்பார். மகள் இருப்பது விமானத்தில் போகிற ஊர். அவரும் என்னைப் போல ஒற்றை ஆளுக்குச் சமைக்கிறவர்தான்.

என் சின்ன வண்டியை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் விரட்டினால் இஞ்சின் கொதித்துவிடும். கைப்பிடி அதிர்ந்து அதிர்ந்து உள்ளங்கை மரத்துப்போகும். நான் ஓரம் கட்டுவேன், வாலும் ஓரம் கட்டுவார். இஞ்சின் ஆறும்வரை அவருடைய பிளாஸ்க்கிலிருந்து இரண்டு பேரும் டீ குடிப்போம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் ஒரு வாரத்துப் பஸ் கதையைச் சொல்லிவிடுவார். தினமும் இறங்கினதும் பஸ்ஸின் ஒவ்வொரு டயருக்கும் டாட்டா சொல்லிவிட்டுப் போகும் ஒரு குட்டிப் பெண், டிரைவர் ராத்திரியும் பஸ்ஸிலேயே தூங்குகிறார் என்று நம்பித் தலையணை கொண்டுவந்து கொடுத்த ஒரு பையன். என்னிடமும் கதை இருக்கும் என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது. மூச்சைப் பிடிங்க என்று சொல்லிவிட்டு, விடுங்க என்று சொல்ல மறந்து நான் போன் எடுக்கப் போன கதையைச் சொன்னேன். அவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "அப்புறம் என்ன தம்பி ஆச்சு, அந்த ஆள் உயிரோட இருக்காரா?" என்று முதுகில் தட்டினார். என் முதுகில் ஒரு கை பட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு வண்டி ஓட்டினேன்.

லாரிகள்தான் பிரச்சினை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அதன் காற்று என் வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். அவர் எனக்குப் பின்னால் கொஞ்சம் சாலையின் உள்பக்கமாகவே வருவார், லாரிக்காரன் விலகிப் போகட்டும் என்று. அவருடைய பெரிய வண்டி என் வேகத்துக்கு முக்கி முனகிக்கொண்டு வரும். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "உங்க பின்னாடி வந்து வந்து, என் வண்டிக்குத் தூக்கமே வந்துடுது தம்பி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்தேன். ஆனால் அது மனசில் தைத்துவிட்டது. எனக்காக இந்த மனிதர் எத்தனை ஞாயிறுகளைத் தியாகம் பண்ணுகிறார்! ஒரு பெரிய வண்டி வாங்கிவிட்டால் அவருக்கும் நிம்மதி, இரண்டு பேரும் சரிசமமாகப் போகலாம். அவரிடம் சொல்லவில்லை. திடீரென்று கொண்டுபோய் நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

நானூறு சி.சி. வண்டியாகப் பார்த்து வாங்கினேன். அக்கா போனில், "இந்த வயசுல உனக்கு எதுக்குடா யானை? கீழ விழுந்தா தூக்கி நிறுத்தக்கூட ஆள் கிடையாது," என்றாள். அவள் வண்டியைத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. பழைய வண்டியை எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் வாங்கிக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை நான். நம் குழுவில் வந்து சேரம்மா, நல்ல மனுஷங்க என்று அவளிடம் சொல்லி, டாக்டரிடமும் பேசிச் சேர்த்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் செய்து முடித்தேன்.

அந்த ஞாயிறு எல்லோரும் என் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். வால் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல வண்டி சார். இனிமே லாரிக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல." 'தம்பி' எங்கே போனான் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் டாக்டர் கூப்பிட்டார். "உங்க இடம் இனிமே பின்னாடி இல்ல சார், எனக்கு அடுத்து வாங்க."

பொய் சொல்லக் கூடாது, முதல் அரைமணி நேரம் சுகமாக இருந்தது. லாரிகளை நான் முந்தினேன். வண்டி சாலையில் ஒட்டிக்கொண்டு போனது, கைப்பிடி ஆடவே இல்லை. ஆகா என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் குழுவில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து விளக்குகள். வாலின் விளக்கு எங்கேயோ தொலைவில் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. பெரிய இஞ்சின் சூடாகவே இல்லை, நிற்க ஒரு காரணமும் இல்லை.

சாப்பாட்டுக் கடையில் நாங்கள் பாதி சாப்பிட்ட பிறகுதான் அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். என் பழைய வண்டி, அதன் பின்னால் அவர். மருந்துக் கடைப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். "சார், அந்த டயருக்கு டாட்டா சொல்ற பாப்பா கதை உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடமே கேட்டாள். தெரியும் என்றேன். அவள் மேல் எனக்கு வந்தது சுத்தமான வயிற்றெரிச்சல். அந்தப் பெண் என் மகள் வயதுக்காரி, பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இடம் இல்லாததால் இருவரும் மேஜையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். ஒருமுறை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொருவராக முன்னே விட்டு, கடைசிக்குப் போய்விட்டேன். அவர் பின்னாலிருந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, முன்னே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். மெதுவான வண்டிதான் வாலுக்கு முன்னால் போக வேண்டும், சட்டம். வாரநாளில் போன் செய்யலாம்தான். எண் இருந்தது. ஆனால் என்னவென்று செய்வது? ஒரு காரணமும் இல்லாமல் போன் பண்ணி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை அவர் பெயரை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, சோறு வைக்கப் போய்விட்டேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு காரியம் செய்தேன். ஒரு ஞாயிறு, பாதி வழியில் இண்டிகேட்டரைப் போட்டு ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தேன். அச்சகக்காரர் என்ன என்று கையால் கேட்டார். போங்கள், வால் வருவார் என்று காட்டினேன். ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவனைப் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

என் பழைய வண்டி முதலில் வந்தது. அவர் பின்னாலேயே வந்து நின்று, சற்றுத் தள்ளித் தெரிந்த பெட்ரோல் பங்க்கைக் காட்டி, "நீ அங்க போய் நிழல்ல நில்லும்மா, இதோ வந்துடறோம்," என்று அவளை அனுப்பினார். என்ன ஆச்சு என்றார். திடீரென்று நின்றுவிட்டது என்றேன். சரளைக் கல்லில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். செயினைப் பார்த்தார், பேட்டரி ஒயரைப் பார்த்தார், டேங்கில் காது வைத்து வண்டியை ஆட்டிப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். அவர் சட்டைக் கையில் கிரீஸ் அப்பியது. அவர் எழுந்து பட்டனை அழுத்தினார். தொட்ட மாத்திரத்தில் வண்டி உறுமிக் கிளம்பியது.

"ஸ்டார்ட் ஆகுதே சார்."

"தெரியும்ணே."

"தெரியுமா? பின்ன எதுக்கு நிறுத்தினீங்க?"

"சும்மாதான். உங்ககூட பேசி ரொம்ப நாளாச்சு. அதான்."

அவர் இஞ்சினை அணைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிந்த பிறகும்.

"நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன் சார்."

"என்ன நெனச்சீங்க?"

"கடைசியில வர்றது உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா இருக்குன்னு. ஆஸ்பத்திரியில இருக்கறவரு, ஒரு பஸ் டிரைவர் சொல்ற கதைய எத்தனை நாளைக்குத்தான் கேப்பாரு? சொல்லாம கொள்ளாம வண்டிய மாத்திட்டீங்க. சரி, இவருக்குப் போதும்போல இருக்குன்னு விட்டுட்டேன்."

"அண்ணே! உங்க வண்டிக்குத் தூக்கம் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்கு என்னால கஷ்டமேன்னுதான் நான் பெரிசா வாங்கினதே!"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது தம்பி." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதைப் போயி..."

"சரி, விடுங்க. இப்பதான் பேசியாச்சே. அடுத்த வாரத்துலேர்ந்து டாக்டர்கிட்ட சொல்லி நானும் உங்ககூடப் பின்னாடியே வர்றேன்."

அவர் சாலையைப் பார்த்தார். ஒரு லாரி கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நான் மக ஊருக்கே போறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கிளம்பணும். வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லியாச்சு, வேலையையும் விட்டாச்சு."

நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டு மூணு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை நமக்கு ஒரு வேலை இருக்கு, நம்மள நம்பி ஒரு ஆளு வருதுன்னு தட்டிக் கழிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க புது வண்டி எடுத்துட்டு வந்தீங்க பாருங்க, அன்னைக்கு சாயங்காலம்தான் மககிட்ட சரின்னு சொன்னேன்."

அவருக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? அங்கே மனைவி இருக்கிறார், பேரன் இருக்கிறான். அவர் போக வேண்டிய இடம்தான் அது. "நல்லதுண்ணே," என்றேன். அது என் குரல் போலவே இல்லை.

"அந்தப் பொண்ணு தனியா நிக்குது. கிளம்பலாம்," என்றார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் முதல்ல எடுக்கணும். உங்கள விட்டுட்டு நான் போக முடியாது," என்றார்.

கிளம்பினேன். பெட்ரோல் பங்க் வரைக்கும் எனக்குப் பின்னால் அவர் மட்டும்தான். என்னால் முடிந்த அளவு மெதுவாகப் போனேன். பெரிய வண்டிக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்துக்கொண்டே வந்தேன், குறைக்கக் குறைக்க வெட்டி வெட்டி இழுத்தது. லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன. ஹெல்மெட் கண்ணாடிக்குள் கை விட்டுக் கண்ணைத் துடைக்க முடியாததால் சாலை கலங்கலாகவே தெரிந்தது.

பங்க் வாசலில் அந்தப் பெண் இஞ்சினை ஓடவிட்டுத் தயாராக நின்றாள். நான் கடந்ததும், சட்டப்படி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து சேர்ந்துகொண்டாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் அவர் கையை உயர்த்தி, என்னை முன்னே போகச் சொன்னார். நான் போனேன்.